வாக்கி டாக்கி வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாக்கி டாக்கி வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது இரண்டு கேள்வி: எத்தனை கிலோமீட்டர் எடுக்கும், எத்தனை வாட்? என்னைக் கேட்டால் இவை இரண்டையும் கடைசியில்தான் பார்க்க வேண்டும். எங்கே நின்று பேசப்போகிறீர்கள், நடுவில் என்ன இருக்கிறது, உங்கள் நாட்டில் எந்த அலைவரிசைக்கு அனுமதி உண்டு என்று முதலில் யோசியுங்கள். அதற்குப் பதில் தெரிந்தாலே சந்தையில் உள்ள பாதி செட்டுகள் கழிந்துவிடும்.

செல்போன் இருக்கும்போது இது எதற்கு?

செல்போன் பேச்சு டவர் வழியாகப் போய்த்தான் திரும்பி வருகிறது. பக்கத்து அறையில் இருப்பவரோடு பேசினாலும் அப்படித்தான். டவர் இல்லாத காட்டிலும், புயலில் மின்சாரம் போன ஊரிலும், லட்சம் பேர் கூடிய திடலிலும் போன் கைவிட்டுவிடும். வாக்கி டாக்கிக்கு நடுவில் யாரும் வேண்டாம், ஒரு செட்டிலிருந்து இன்னொரு செட்டுக்கு அலை நேரே போகிறது.

இன்னொரு வசதியும் உண்டு. பட்டனை அழுத்தினால் குழுவில் இருக்கும் அத்தனை பேர் காதிலும் ஒரே நேரத்தில் விழும். எண்ணைத் தேடி, அழைத்து, மணி அடித்து, அவர் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கட்டட வேலை, கூட்டக் கட்டுப்பாடு, மீட்புப் பணி போன்றவற்றில் இந்தச் சில விநாடிகள் பெரிய விஷயம்.

ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். எல்லோரும் ஒரே அதிர்வெண்ணில் இருப்பதால், நீங்கள் பட்டனை அழுத்தியிருக்கும்வரை உங்களுக்கு எதுவும் கேட்காது. இரண்டு பேர் உட்கார்ந்து நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் என்றால் போனே மேல்.

பெட்டியில் 30 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறதே, உண்மையில் அவ்வளவு எடுக்குமா?

மலை உச்சியில் ஒருவர், பள்ளத்தாக்கில் ஒருவர், நடுவில் வெறும் காற்று. அப்படி நின்று பேசினால் எடுக்கும். நாம் பெரும்பாலும் பேசும் இடத்தில் எடுக்காது.

இந்தச் செட்டுகள் பயன்படுத்தும் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். பூமியோ வளைந்திருக்கிறது. ஆண்டெனா தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால், அந்த ஆண்டெனாவுக்குத் தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். கையில் பிடித்த செட் 1.5 மீட்டர் உயரம் என்றால் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். எதிரில் இருப்பவருக்கும் அதே 5. ஆக, தட்டையான வெட்டவெளியில் இரண்டு பேர் தரையில் நின்று பேசினால் மொத்தம் 10 கிலோமீட்டர்தான் கணக்கு. அதுவும் மரம், வீடு, மேடு எதுவும் இல்லாதபோது.

கட்டடங்கள் நெருக்கமாக இருக்கும் ஊரில் ஒன்று, இரண்டு கிலோமீட்டர் கிடைத்தாலே நல்ல செட். கான்கிரீட் கட்டடத்துக்குள் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கவே முடியாது, எத்தனை மாடி தாண்டுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். அடர்ந்த காடும் மோசம்தான், ஈரமான இலைகள் அலையை விழுங்கிவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து 145.8 மெகாஹெர்ட்ஸில் வீரர்கள் பேசும்போது, அது தலைக்கு மேலே கடக்கும் சில நிமிடங்களில் சாதாரணக் கைச் செட்டிலேயே அவர்கள் குரலைக் கேட்க முடியும். இரண்டு தளம் கீழே இருக்கும் வாகன நிறுத்தத்தோடு பேச முடியாத அதே செட்தான் இதைக் கேட்கிறது. நடுவில் தடை இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அதனால் சிக்னல் கிடைக்காவிட்டால் செட்டை மாற்றும் முன் நிற்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள். மொட்டை மாடிக்கு ஏறுங்கள், ஜன்னல் பக்கம் வாருங்கள், சுவரை விட்டு இரண்டு அடி நகருங்கள். 30 மீட்டர் உயரத்தில் ஒருவர் நின்றால் அவருடைய தொடுவானம் 5 கிலோமீட்டரிலிருந்து 22 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். இதே தத்துவத்தில் வேலை செய்வதுதான் ரிப்பீட்டர். உயரமான இடத்தில் இருந்துகொண்டு ஒரு அதிர்வெண்ணில் கேட்பதை இன்னொரு அதிர்வெண்ணில் அப்படியே திருப்பி அனுப்பும். பெரிய வளாகத்துக்கு அதுதான் நிரந்தரத் தீர்வு, ஆனால் பெரும்பாலும் உரிமம் வாங்கித்தான் வைக்க முடியும்.

வாட் கூடினால் தூரமும் கூடுமே?

கூடும், நினைக்கிற அளவுக்குக் கூடாது. தடையே இல்லாத வெட்டவெளியில்கூட, தூரம் இரட்டிப்பாக வேண்டும் என்றால் சக்தியை 4 மடங்கு ஆக்க வேண்டும். 1 வாட் செட்டும் 4 வாட் செட்டும் அந்த அளவுதான் வித்தியாசப்படும். தரைமட்டத்தில், சுவர்களுக்கு நடுவில், அந்த லாபமும் குறைந்துவிடும். பேட்டரி மட்டும் வேகமாகத் தீரும்.

இன்னொரு சிக்கல்: குழுவில் ஒருவர் மட்டும் 5 வாட் செட் வைத்திருந்து மற்றவர்கள் அரை வாட் செட் வைத்திருந்தால், அவர் சொல்வது எல்லோருக்கும் கேட்கும். மற்றவர்களின் பதில் அவரை எட்டாது. வாங்கினால் எல்லோருக்கும் ஒரே மாதிரி வாங்குங்கள்.

விஎச்எஃப் வாங்குவதா, யூஎச்எஃப் வாங்குவதா?

இவை இரண்டும் அலைவரிசைகளின் பெயர்கள். விஎச்எஃப் கைச் செட்டுகள் பொதுவாக 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை. யூஎச்எஃப் 400 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே. முதலாவதின் அலைநீளம் சுமார் 2 மீட்டர், இரண்டாவதன் அலைநீளம் சுமார் 70 சென்டிமீட்டர். நீளமான அலை மேடு பள்ளங்களைக் கொஞ்சம் வளைந்து தாண்டும், இலை தழைகளில் குறைவாக இழக்கும். வயல், தோப்பு, காடு, நீர்ப்பரப்பு என்றால் விஎச்எஃப். குட்டை அலை ஜன்னல், கதவிடுக்கு, மாடிப்படி வழியாக நுழைந்து, சுவர்களில் பட்டுத் தெறித்து உள்ளே போகும். கட்டடம், தொழிற்சாலை, கிடங்கு, விடுதி என்றால் யூஎச்எஃப்.

ஆண்டெனாவும் இதில் சேரும். கால் அலைநீள ஆண்டெனாதான் சாதாரணமாக நன்றாக வேலை செய்யும். விஎச்எஃப்புக்கு அது 50 சென்டிமீட்டர், இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிய முடியாது. எனவே சுருட்டிக் குறுக்கி ரப்பர் உறைக்குள் வைக்கிறார்கள், அதில் திறன் போகிறது. யூஎச்எஃப்புக்குத் தேவை 17 சென்டிமீட்டர்தான். முடிவெடுக்க முடியாமல் இரண்டு மனதாக இருந்தால் யூஎச்எஃப் எடுங்கள் என்பேன்.

விஎச்எஃப் செட்டும் யூஎச்எஃப் செட்டும் ஒன்றோடொன்று பேசாது. ஏற்கெனவே இருக்கும் குழுவில் சேருவதாக இருந்தால் அவர்களிடம் இருப்பதையே வாங்க வேண்டும்.

ஆண்டெனா விஷயத்தில் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

ஆண்டெனா இல்லாமல் பட்டனை அழுத்தவே கூடாது. வெளியே போக வழியில்லாத சக்தி திரும்பி உள்ளே வந்து டிரான்சிஸ்டரை எரித்துவிடலாம். பேசும்போது ஆண்டெனா செங்குத்தாக இருக்கட்டும், எதிரில் இருப்பவரும் அப்படியே பிடிக்கட்டும். ஒருவர் படுக்கையாகப் பிடித்தால் சிக்னல் கணிசமாகக் குறையும். இடுப்பில் மாட்டியபடி காலர் மைக்கில் பேசினால் வசதிதான், ஆனால் உங்கள் உடம்பே ஒரு பக்கம் சிக்னலை மறைக்கும். கேட்கவில்லை என்றால் செட்டைக் கழற்றி முகத்துக்கு நேரே பிடித்துப் பேசிப் பாருங்கள்.

உரிமம் வேண்டுமா?

நாட்டுக்கு நாடு வேறுபடும். வாங்கும் முன் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு நாட்டில் குழந்தைகள் விளையாடும் செட் இன்னொரு நாட்டில் குற்றமாகிவிடும்.

ஐரோப்பாவில் பிஎம்ஆர் 446 என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, அரை வாட்டுக்கு மிகாமல், கழற்ற முடியாத ஆண்டெனாவோடு இருந்தால் உரிமம் வேண்டாம். இந்தியாவிலும் 2018-ல் வந்த விதிகளின்படி இதே 446.0 - 446.2 பகுதியில் குறைந்த சக்திச் செட்டுகளுக்கு உரிம விலக்கு உண்டு, ஆனால் அந்த மாடலுக்கு அரசின் உபகரண ஒப்புதல் இருக்க வேண்டும். அமெரிக்காவில் இதே போன்ற, உரிமம் வேண்டாத ஏற்பாட்டை எஃப்ஆர்எஸ் என்பார்கள். 462, 467 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 22 சேனல்கள், சேனலைப் பொறுத்து அரை வாட் அல்லது 2 வாட் வரை. அமெரிக்காவில் வாங்கிய எஃப்ஆர்எஸ் செட்டை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்ப் பேசினால், அங்கே அந்த அதிர்வெண் வேறு யாருக்கோ ஒதுக்கப்பட்டிருக்கும். அதேபோல 446 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் அமெச்சூர் வானொலிக்காரர்களின் (தேர்வு எழுதி, பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்களின்) பகுதிக்குள் வருகிறது.

இதற்கு மேல் சக்தியோ தனி அதிர்வெண்ணோ வேண்டும் என்றால் நிறுவனத்தின் பெயரில் உரிமம் வாங்க வேண்டும். பரிசோதனையும் பொழுதுபோக்கும்தான் நோக்கம் என்றால் அமெச்சூர் தேர்வு எழுதலாம். ஆர்வம் இருப்பவர்களுக்கு நான் மனதாரப் பரிந்துரைக்கும் வழி அதுதான்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும், எண் பட்டன்கள் வைத்த இரட்டை அலைவரிசைச் செட்டுகளில் எந்த அதிர்வெண்ணை வேண்டுமானாலும் தட்டிப் போட்டுப் பேசலாம். அதுதான் ஆபத்து. தெரியாமல் ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல்துறை ஆகியோரின் சேனலில் போய் விழுந்தால், யாரோ ஒருவருடைய உயிர் காக்கும் பேச்சை நீங்கள் அமுக்குகிறீர்கள். தடையில்லாமல் விற்கிறார்கள் என்பதற்காகப் பேசவும் அனுமதி உண்டு என்று அர்த்தமில்லை. எந்த அதிர்வெண், எத்தனை வாட், உங்கள் நாட்டு ஒப்புதல் உண்டா என்ற மூன்றும் தெளிவாக எழுதப்படாத செட்டை வாங்காதீர்கள்.

பிரைவசி கோட் போட்டால் வேறு யாரும் கேட்க முடியாதுதானே?

கேட்க முடியும். அந்தப் பெயரே ஆளை ஏமாற்றுகிறது.

பிரைவசி கோடில் இரண்டு வகை உண்டு. சிடிசிஎஸ்எஸ் என்பது உங்கள் குரலுக்கு அடியில் சேர்த்து அனுப்பப்படும் மெல்லிய ரீங்காரம், சுமார் 67 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை ஏதோ ஒன்று. அந்த ரீங்காரம் வந்தால்தான் உங்கள் செட்டின் ஸ்பீக்கர் திறக்கும். டிசிஎஸ் அதே வேலையை எண் குறியீட்டால் செய்கிறது. மற்றவர்களின் பேச்சு உங்கள் காதில் விழாமல் இருக்க இது உதவும். உங்கள் பேச்சை மற்றவர்களிடமிருந்து மறைக்காது. அதே சேனலில் இருக்கும், கோட் போடாத எந்தச் செட்டிலும் நீங்கள் பேசுவது அத்தனையும் கேட்கும்.

கூடவே ஒரு பக்கவிளைவு: அதே சேனலில் வேறு கோடில் இன்னொரு குழு பேசிக்கொண்டிருந்தால் உங்களுக்கு அமைதியாகத்தான் தெரியும். நீங்கள் அழுத்தியதும் இரண்டு பேச்சும் மோதும். கோடைப் பார்க்காமல் சேனலில் வருவதையெல்லாம் கேட்கவிடும் மானிட்டர் பட்டனை ஒரு நொடி அழுத்திக் கேட்டுவிட்டுப் பேசுவது நல்லது. உண்மையான இரகசியம் வேண்டும் என்றால் குறியாக்கம் உள்ள டிஜிட்டல் செட்டும் அதற்கான அனுமதியும் தேவை. வங்கி எண், வீட்டு முகவரி, குழந்தை தனியாக இருக்கும் இடம் இவற்றையெல்லாம் சாதாரணச் செட்டில் சொல்லாதீர்கள்.

வேறு வேறு கம்பெனி செட்டுகள் ஒன்றோடொன்று பேசுமா?

அதிர்வெண், அலை அகலம் (ஒரு சேனல் பிடிக்கும் இடம்), கோட் மூன்றும் ஒத்துப்போனால் பேசும். சேனல் எண்ணையும் கோட் எண்ணையும் நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 5-ம் கோட் இன்னொன்றில் 7 ஆக இருக்கலாம். கையேட்டின் பின்பக்க அட்டவணையில் ஹெர்ட்ஸ் அளவைப் பார்த்துப் பொருத்துங்கள். எல்லாம் சரியாக இருந்தும் குரல் மெலிதாகவோ கரகரப்பாகவோ வந்தால், ஒரு செட்டின் அலை அகலம் 12.5 கிலோஹெர்ட்ஸிலும் மற்றதன் அகலம் 25-லும் இருக்கும்.

டிஜிட்டல் வாங்கலாமா?

பெரிய நிறுவனத்துக்கு, சரி. ஐரோப்பியத் தரமான டிஎம்ஆர், 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலை நேரத்தால் இரண்டாகப் பிரிக்கிறது, அதனால் ரிப்பீட்டர் வழியாகப் பேசும்போது ஒரே அதிர்வெண்ணில் இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் பேசலாம். பேசும்போதும் பாதி நேரம்தான் அலை வெளியேறுகிறது என்பதால் பேட்டரி மிச்சம். பின்னணி இரைச்சலும் குறைவு.

செட் எட்டும் தூரத்தின் எல்லையில்தான் பிரச்சினை. குரலை எண்களாக மாற்றாமல் அனுப்பும் பழைய வகையான அனலாக் செட்டில் தூரம் போகப் போக இரைச்சல் கூடும், ஆனாலும் பழகிய காது வார்த்தையைப் பிடித்துவிடும். டிஜிட்டல் கடைசிவரை தெளிவாக இருந்துவிட்டு, திடீரென்று உடைந்து காணாமல் போகும். எச்சரிக்கையே இருக்காது. டிஎம்ஆர், என்எக்ஸ்டிஎன், பி25, டெட்ரா ஆகிய டிஜிட்டல் தரங்கள் ஒன்றோடொன்று பேசாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு அனலாக்கே போதும்.

சிம் போடும் வாக்கி டாக்கி என்று வருகிறதே?

பார்க்க வாக்கி டாக்கி, உள்ளே செல்போன். டவர் இருக்கும் இடத்தில் தூரக் கணக்கே கிடையாது, வேறு ஊரில் இருக்கும் லாரி ஓட்டுநரோடும் பேசலாம். டவர் விழுந்தால் இதுவும் விழும். பேரிடருக்காக வாங்குபவர்கள் இதை நம்பி இருக்கக் கூடாது.

பேட்டரி எவ்வளவு நேரம் வரும்?

கம்பெனிகள் சொல்லும் மணிக்கணக்கு பெரும்பாலும் 5-5-90 கணக்கில் வருவது: 5 சதவீத நேரம் பேசுவது, 5 சதவீதம் கேட்பது, மீதி 90 சும்மா இருப்பது. ஓயாமல் பேசும் மேற்பார்வையாளருக்கு அது பொருந்தாது. 5 வாட் செட் பேசும்போது ஒன்றரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், சும்மா இருக்கும்போது அதில் சிறு பங்குதான். குறைந்த சக்தியில் வைத்துப் பேசினாலே பேட்டரி நன்றாக நீளும்.

தினமும் சார்ஜ் போட முடிகிற இடத்துக்கு லித்தியம் அயான் பேட்டரியும் மேசைச் சார்ஜரும் சரி. எப்போதாவது எடுக்கும் செட், மலையேற்றம், அவசரப் பெட்டி என்றால் ஏஏ பேட்டரி போடும் மாடலைப் பாருங்கள். மின்சாரமே இல்லாதபோதும் புது பேட்டரி மாற்றிப் பேசலாம்.

மழையில் நனையலாமா? கீழே விழுந்தால்?

தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் குறியீடு ஐபி. ஐபி54 என்றால் தூசிக்கும் தெறிக்கும் தண்ணீருக்கும் தாங்கும். ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். ஆனால் இயர்போன் துளையின் ரப்பர் மூடி திறந்திருந்தால் எந்த எண்ணும் காப்பாற்றாது. மூடி இறுக்கமாக உட்காருகிறதா என்று கடையிலேயே விரலால் அழுத்திப் பாருங்கள்.

எரிவாயு, பெட்ரோல், மாவுத்தூசி பறக்கும் ஆலைகளில் சாதாரணச் செட்டை எடுத்துப் போகவே கூடாது. அங்கே தீப்பொறி எழாதபடி வடிவமைத்து, ஏடெக்ஸ் அல்லது ஐஇசிஇஎக்ஸ் சான்று பெற்ற செட் மட்டும்தான். பேட்டரியும் அதே சான்றுள்ளதாக இருக்க வேண்டும்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு மரைன் விஎச்எஃப் தனி ரகம். ஆபத்து அழைப்புக்கான 16-ம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், அதில் இருக்கும். தண்ணீரில் மிதக்கும் மாடலாக எடுங்கள்.

எப்படிப் பேசினால் சரியாகக் கேட்கும்?

நல்ல செட்டைக் கெடுப்பது பெரும்பாலும் பேசும் விதம்தான். பட்டனை அழுத்திய மறுகணமே பேசினால் முதல் எழுத்து போய்விடும். ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள். முடித்த பிறகும் ஒரு நொடி கழித்தே பட்டனை விடுங்கள்.

இந்தக் கடைசி நொடி தமிழில் பேசுபவர்களுக்கு மிக முக்கியம். நாம் மறுப்பை வாக்கியத்தின் கடைசியில் வைக்கிறோம். "கிரேனை இறக்க வேண்டாம்" என்று சொல்லும்போது விரல் கொஞ்சம் முந்தினால், எதிர்முனையில் "கிரேனை இறக்க" என்று மட்டும் கேட்கும். அடியில் ஆள் நிற்கும்போது இது விளையாட்டில்லை. "நிறுத்து, நிறுத்து, கிரேனை நிறுத்து" என்று சொல்லப் பழகுங்கள். கேட்டவர் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும்.

வாய்க்கும் மைக்குக்கும் நான்கைந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, சாதாரணக் குரலில் பேசுங்கள். கத்தினால் ஒலி உடையும், தெளிவு குறையும். முதலில் யாரைக் கூப்பிடுகிறீர்களோ அவர் பெயர், பிறகு உங்கள் பெயர், பிறகு விஷயம்.

எந்த வசதிகளுக்குக் காசு கொடுக்கலாம்?

சத்தமான, தெளிவான ஸ்பீக்கர். கையுறை போட்டாலும் அழுத்த முடிகிற பட்டன். தவறுதலாகச் சேனல் மாறாமல் பூட்டும் வசதி. பட்டன் எங்காவது அமுங்கிக் கிடந்தால் தானாகவே நிறுத்தும் நேர வரம்பு. ஒரே ஒரு செட்டின் பட்டன் இருக்கைக்கு அடியில் அமுங்கினால் மொத்தக் குழுவும் ஊமையாகிவிடும், அதனால் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

குரல் கேட்டதும் தானே இயங்கும் வாக்ஸ் வசதி இரைச்சலான இடத்தில் தொல்லைதான். நூற்றுக்கணக்கான சேனல்களும் வண்ணத்திரையும் எனக்குத் தேவையாகத் தோன்றியதில்லை.

உடம்புக்குக் கெடுதலா?

ஒப்புதல் பெற்ற செட்டுகள் உடல் உறிஞ்சும் அலைச்சக்திக்கான வரம்புக்குள் சோதிக்கப்பட்டவை. கையேட்டில் சொன்ன இடைவெளியில் பிடியுங்கள், ஆண்டெனா முகத்திலோ கண்ணிலோ படாமல் பாருங்கள்.

மொத்தமாக வாங்கும் முன் என்ன செய்யலாம்?

இரண்டே இரண்டு செட் வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். நீங்கள் பேசப்போகும் இடத்தில் ஒருவர் நடுவில் நிற்க, மற்றவர் நடந்துகொண்டே எண்களை வரிசையாகச் சொல்லிப் போகட்டும். நிற்பவர் எந்த எண் தெளிவில்லையோ அதைக் குறித்துக்கொள்ளட்டும். லிஃப்ட், படிக்கட்டின் அடி, மின்சார அறை, கிடங்கின் கோடி ஆகிய இடங்களை விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்று சோதிக்க வேண்டாம். ஸ்பீக்கர் சத்தம் எதிர் மைக்கில் புகுந்து கூச்சலிடும், அலையும் அளவுக்கு மீறிப் பாய்ந்து செட்டைக் குழப்பும். வேலை நடக்கும் நேரத்தில், இயந்திரங்கள் ஓடும்போது ஒருமுறை, ஆள் இல்லாதபோது ஒருமுறை நடந்து பாருங்கள். கேட்காத இடங்கள் இரண்டு மூன்று என்றால் அங்கே நிற்பவர் எங்கே நகர்ந்து பேச வேண்டும் என்று தரையில் குறி போட்டுவிடலாம். பாதி இடம் கேட்கவில்லை என்றால் வேறு அலைவரிசையையோ ரிப்பீட்டரையோ யோசியுங்கள்.